கீழாநெல்லிச் சாறும் ஒரே பக்கம் சாய்ந்த மூன்று அளவுகளும்: எல்லையோர ஆய்வகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் கல்லூரி குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்கு இப்பால் இருக்கிறது. பிள்ளைகளில் சிலர் தினமும் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். கண் மஞ்சளித்தால் இந்தப் பக்கம் மஞ்சக்காமாலை என்பார்கள், அந்தப் பக்கம் மஞ்ஞப்பித்தம் என்பார்கள். கைக்கு எட்டும் முதல் மருந்து இரண்டு பக்கமும் ஒன்றே. நமக்குக் கீழாநெல்லி, அவர்களுக்குக் கீழார்நெல்லி. வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். கூடவே உப்பில்லாப் பத்தியம்.

இந்தச் செடிக்குக் கிடைத்த நல்ல பேரைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் வரும் மஞ்சள்காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ போன்ற, தண்ணீரால் பரவும் நோய். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ஹெபடைடிஸ் பி வேறு மாதிரி. நாள்பட்டு நிலைத்துவிட்டால் அந்த வைரஸின் டிஎன்ஏ ஈரல் செல்லின் கருவுக்குள் ஒரு மூடிய வளையமாகத் தங்கிவிடுகிறது. இன்றைய மாத்திரைகளான டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை வைரஸ் படியெடுப்பதைத் தடுக்கின்றன, வளையத்தைத் தொடுவதில்லை. அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார்கள். புது மருந்து தேடுவதற்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது.

கீழாநெல்லிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் உள்ள தொடர்பு நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. இந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவர்களுடைய குழுக்களும் 1980-களில் இதில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1988-இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வில், வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. எந்த இனச் செடி, எந்த மண், எப்படி எடுத்த சாறு என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன. 1987-இல் வந்த முந்தைய கட்டுரை செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றது. லான்செட் கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றது. நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி.

பழைய கேள்வியை மூலக்கூறு உயிரியல் கருவிகளை வைத்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தோம். செடியின் அடையாளத்தை, இனத்துக்கு இனம் மாறும் டிஎன்ஏ பகுதியான டிஎன்ஏ பார்கோடு சொல்லும். வைரஸ் குறைகிறதா என்பதை, டிஎன்ஏ-வைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் ரியல்-டைம் பிசிஆர் சொல்லும். திட்டம் சின்னது, பணமும் சின்னது. நான் வழிகாட்டி. முனைவர் பட்ட மாணவர்கள் இருவர்: ஒருவர் செடி வேலை, ஒருவர் வைரஸ் வேலை. இந்தக் கட்டுரையில் அவர்களைச் செடி மாணவர், வைரஸ் மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

செடி எங்கிருந்து வந்தது

முதல் சுற்றுக்குச் சந்தையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கீழாநெல்லி இரண்டு கிலோ வாங்கினோம். மக்கள் வாங்கிச் சாப்பிடுவது இதைத்தானே, இதையே சோதிப்போம் என்பது அன்று சொன்ன காரணம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மைக் காரணம், மழை முடிந்து ஈரச் செடி கிடைக்கும் காலம் தாண்டிவிட்டது, நிதியாண்டு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

செடி மாணவர் அந்தப் பொதியிலிருந்து முப்பது துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து டிஎன்ஏ பிரித்தார். தாவரங்களுக்கு 2009-இல் உலக அளவில் பரிந்துரைத்த பார்கோடுகள் குளோரோபிளாஸ்டில் உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்கள். அவற்றோடு, நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டும் பிஎஸ்பிஏ–டிஆர்என்ஹெச் இடைவெளிப் பகுதியையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரம் ஒன்றுமே வரவில்லை. ஜெல்லில் ஒரு கோடு கூட இல்லை. காய்ந்த கீழாநெல்லியில் துவர்ப்பு, அதாவது டானின், ஏராளம். ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுத் தோலைப் பதனிடுவார்கள் அல்லவா, அங்கே தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவது இந்த வகைப் பொருள்தான். பிசிஆரில் டிஎன்ஏ-வைப் படியெடுக்கும் டாக் என்சைமும் ஒரு புரதம். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து வந்ததால் கொதிநிலைக்கு அருகிலும் தாங்கும், டானினைத் தாங்காது. செடி மாணவர் பிரிக்கும் கரைசலில் பிவிபி என்ற பொருளைச் சேர்த்தார். அது டானினைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ஜெல்லில் பளிச்சென்று கோடுகள் வந்தன. தன் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தார்: "துவர்ப்பு பிசிஆரை அடைக்கும். பிவிபி மறக்காதே."

இந்த ஒரு வரியை எல்லோரும் பார்க்கும் இடத்தில் நான் ஒட்டி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. செடி மேசைக்கும் வைரஸ் மேசைக்கும் நடுவே ஆறடிதான். வாரக் கூட்டத்தில் இருவரும் தத்தம் முடிவுகளைச் சொன்னார்கள். பட்ட சிரமத்தைச் சொல்ல நான் நேரம் கொடுக்கவில்லை.

பார்கோடு முடிவு வந்தபோது பொதியில் அமாரஸ்தான் அதிகம் இருந்தது. கூடவே யூரினேரியா என்ற சிவப்புக் கீழாநெல்லியும், டெபிலிஸ் என்ற இன்னோர் இனமும், மேலாநெல்லி என்று நாம் சொல்லும் மதராஸ்படென்சிஸும் கலந்திருந்தன. கடைக்காரர் ஏமாற்றினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வரப்பில் எல்லாம் சேர்ந்துதான் முளைக்கும். பிடுங்குகிறவர் கைக்கு வந்ததைப் பிடுங்குவார். காய்ந்து நொறுங்கிய பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

முதல் சுற்றில் கண்டது

வைரஸ் சோதனைக்கு ஹெப்ஜி2.2.15 என்ற செல் வகையைப் பயன்படுத்தினோம். ஈரல் கட்டியிலிருந்து வந்த ஹெப்ஜி2 செல்லுக்குள் ஹெபடைடிஸ் பி மரபணுத்தொகுதியைச் செருகி 1987-இல் உருவாக்கியது. ஓயாமல் வைரஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை வளர்க்க உரிய பாதுகாப்பு வசதி எங்களிடம் இல்லாததால், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகம் இடம் கொடுத்து உதவியது. வைரஸ் மாணவி தடுப்பூசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவும் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனார். செல்லுக்கு ஆறு நாள் சாறு கொடுத்து, மேலே நிற்கும் திரவத்தை எடுத்து, வைரஸை அங்கேயே சூடாக்கிச் சிதைத்து, டிஎன்ஏ கரைசலை மட்டும் ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் கல்லூரிக்குக் கொண்டுவருவார். பிசிஆர் இங்கே.

ஒரு முடிவை இங்கே பதிவு செய்ய வேண்டும். டிஎன்ஏ-வைச் சுத்தமாகப் பிரிக்கும் வடிகுழாய் கிட் விலை அதிகம். மாதிரிகள் நூற்றுக்கு மேல். சூடாக்கிச் சிதைக்கும் முறை ஏறக்குறைய இலவசம். ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வைத்திருந்த, ஹெபடைடிஸ் பி மருந்தான லாமிவுடின் கொடுத்த செல்களில் அது சரியாக வேலை செய்தது. அதைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று நான்தான் சொன்னேன். லாமிவுடின் வெள்ளைத் தூள், கலங்கலற்ற கரைசல். சாறோ பழுப்பு நிறம். இரண்டுக்கும் ஒரே முறை பொருந்துமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வந்த எண்கள் இவை. ரியல்-டைம் பிசிஆரில் சிடி என்பது ஒளி எல்லையைத் தாண்ட எத்தனை சுற்று ஆகிறது என்ற கணக்கு. டிஎன்ஏ குறைவாக இருந்தால் அதிகச் சுற்று ஆகும். ஒரு சுற்று என்றால் இரண்டு மடங்கு வித்தியாசம். ஒன்றும் கொடுக்காத செல்லுக்கு சிடி 21.0. லாமிவுடினுக்கு 24.6. மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு கொடுத்த செல்லுக்கு 27.0. ஆறு சுற்று என்றால் 64 மடங்கு. வைரஸ் 98 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். லாமிவுடின் குறைத்ததே 92 சதவீதம்தான்.

அடுத்து, மேற்பரப்புப் புரதத்தை, எதிர்ப்பொருளை வைத்துப் புரதத்தைப் பிடித்து அளக்கும் எலைசாவில் அளந்தோம். இந்தச் செல்லில் லாமிவுடின் டிஎன்ஏ-வைக் குறைக்கும், மேற்பரப்புப் புரதத்தைக் குறைக்காது. புரதம் செல்லின் குரோமோசோமில் செருகியிருக்கும் மரபணுவிலிருந்து நேராக வருகிறது, லாமிவுடின் அங்கே கை வைப்பதில்லை. எங்கள் சாறு அதையும் 60 சதவீதம் குறைத்தது.

கடைசியாக, செல்கள் உயிரோடுதான் இருக்கின்றனவா என்று எம்டிடி சோதனை. மஞ்சள் கரைசலை உயிருள்ள செல் ஊதாவாக்கும். ஊதா எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு உயிர். சாறு கொடுத்த குழிகளில் 104 சதவீதம். செல்லுக்குத் தீங்கே இல்லை என்று எழுதிக்கொண்டோம்.

மூன்று சோதனைகளும் ஒரே பக்கம் கை காட்டின. அன்று சாயங்காலம் வைரஸ் மாணவி திருவனந்தபுரத்திலிருந்து போன் செய்தபோது அவர் குரல் நடுங்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

செய்தி வெளியே போனது

கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சுவரொட்டி தயார் செய்தோம். நடுவில் மிஞ்சிய வைரஸ் அளவைக் காட்டும் ஒரு பட்டை வரைபடம்: லாமிவுடினின் பட்டையை விடக் கீழாநெல்லியின் பட்டை குட்டை. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பினோம். கண்காட்சிக்கு வந்த உள்ளூர் நிருபர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து நான்கு வரி எழுதினார். "ஆரம்பக் கட்டம்" என்று நான் சொன்னதையும் அவர் போட்டிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தை மாட்டியது நான்.

பத்து மடங்கு தண்ணீர்

மாநாட்டுக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். வைரஸ் மாணவி ஊருக்குப் போயிருந்ததால் பிசிஆரைச் செடி மாணவர் ஓட்டினார். அவர் தன் பழக்கப்படி ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே ஒரு தடவை, பத்து மடங்கு நீர்த்து ஒரு தடவை, நூறு மடங்கு நீர்த்து ஒரு தடவை போட்டார். பத்து மடங்கு நீர்த்தால் டிஎன்ஏ பத்தில் ஒரு பங்காகும், சிடி 3.3 கூட வேண்டும். இது கூட்டல் கணக்கு போல மாறாதது.

மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பத்து மடங்கு தண்ணி சேர்த்ததுல சிடி குறையுது."

"குழாய் மாத்தி ஊத்தியிருப்பீங்க. மறுபடி போடுங்க."

"மூணு தடவை போட்டுட்டேன் மேடம்."

திரையில் பார்த்தேன். ஒன்றும் கொடுக்காத செல்லின் வரிசை: 21.0, 24.3, 27.7. ஒழுங்காக ஏறுகிறது. சாறு கொடுத்த செல்லின் வரிசை: 27.0, 25.2, 28.1. தண்ணீர் சேர்த்ததும் வைரஸ் கூடுகிறது. அது நடக்கவே முடியாத காரியம். ஒரே விளக்கம்தான் உண்டு. மாதிரிக்குள் பிசிஆரை அடைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. நீர்க்க நீர்க்க அதன் பிடி தளர்கிறது.

அவர் எண்களை விட்டுவிட்டு வளைவைக் காட்டினார். ஆரோக்கியமான பிசிஆர் வளைவு கடைசியில் செங்குத்தாக எழும்பி மேலே சமப்படும். நீர்க்காத சாற்று மாதிரியின் வளைவு சோம்பலாகச் சாய்ந்து, பாதி உயரத்திலேயே படுத்திருந்தது. முதல் சுற்றின் கோப்புகளைத் திறந்தோம். எல்லாவற்றிலும் அதே சாய்வு. மூன்று மாதம் நாங்கள் எண் இருந்த கட்டத்தை மட்டும் நகலெடுத்து அட்டவணையில் ஒட்டியிருந்தோம், வளைவை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அவர் நோட்டின் சிவப்பு மை வரியை அப்போதுதான் நான் முதல்முறை படித்தேன்.

நூறு மடங்கு நீர்த்த மாதிரியை நம்பலாம் என்றால் 28.1-க்கும் 27.7-க்கும் இடையில் 0.4 சுற்று. அதாவது 98 சதவீதக் குறைவு என்று நாங்கள் மாட்டிய பட்டை, உண்மையில் 25 சதவீதம் கூட இல்லை.

மீதி இரண்டு அளவுகள்

பிசிஆர் பொய்யானால் எலைசாவும் எம்டிடியும் ஏன் ஒத்துப்போயின? இதுதான் அன்று எங்களைக் குழப்பியது. வேறு வேறு மூன்று முறைகள் ஒரே பதில் சொன்னால் நம்பலாம் என்றுதான் நாங்களும் பாடம் நடத்துகிறோம்.

எம்டிடியைச் சோதிக்கச் செல்லே தேவையில்லை. அன்றே கல்லூரியில் ஒரு தட்டை எடுத்து, செல் இல்லாத வெறும் வளர்ப்பு ஊடகத்தில் சாற்றைச் சேர்த்து, எம்டிடி ஊற்றி 37 டிகிரியில் வைத்தோம். நான்கு பேர் சுற்றி நின்றோம். அரை மணியில் சாறு இல்லாத குழிகள் மஞ்சளாகவே இருந்தன. சாறு ஊற்றிய குழிகளில் அடியிலிருந்து ஊதா மெல்லப் படர்ந்தது. 200 மைக்ரோகிராம் குழியில் கத்தரிப்பூ நிறம். உயிரே இல்லாத இடத்தில் எங்கள் சோதனை உயிர் இருப்பதாகச் சொன்னது. கீழாநெல்லியின் பாலிஃபீனால்கள் அந்தச் சாயத்தைத் தாமே மாற்றிவிடுகின்றன. செல்லைக் கழுவிவிட்டு எம்டிடி ஊற்றியிருந்தால் இது பெரிதும் குறைந்திருக்கும். நாங்கள் கழுவவில்லை, கழுவினால் செல் பெயர்ந்துவிடும் என்ற பயம்.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில், செத்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரைபேன் நீலச் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் செல்களைக் கையால் எண்ணினார் வைரஸ் மாணவி. சாறு கொடுத்த குழியில் உயிருள்ள செல்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. செல் குறைந்தால் வெளியே வரும் புரதமும் குறையத்தான் செய்யும். எலைசா காட்டிய 60 சதவீதத்தில் பாதி அதுதான். மீதியைக் கண்டுபிடிக்க, அளவு தெரிந்த மேற்பரப்புப் புரதத்தில் சாற்றைக் கலந்து எலைசாவில் போட்டோம். அப்போதும் அளவு இறங்கியது. டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பொருளுக்கு அது தெரியாது.

ஆக மூன்று முறைகளும் தனித்தனியாகப் பேசவில்லை. ஒரே துவர்ப்பு மூன்றையும் மூன்று வழியில் ஒரே பக்கம் சாய்த்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவுக்கு யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். சுவரொட்டியைக் கழற்றினேன். நிருபருக்கு நானே போன் செய்தேன். அவர் மறுப்பையும் நான்கு வரி போட்டார்.

இரண்டாவதற்குக் காரணம் எங்கள் அலுவலக உதவியாளர். சுவரொட்டி கழற்றப்பட்டதைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து கேட்டார்: "டீச்சர், அப்போ அந்தச் சாறு வேலை செய்யாதா? எங்க மச்சான் மாத்திரைய நிறுத்திட்டாரே." அவருடைய மனைவியின் அண்ணனுக்கு ஆறு வருடமாக ஹெபடைடிஸ் பி. டெனோஃபோவிர் சாப்பிட்டு வந்தவர். செய்தியைப் படித்த நாளிலிருந்து மாத்திரையை விட்டுவிட்டு, தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

இந்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் கிளம்பி, ஈரல் கடுமையாக வீங்கலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. அன்று சாயங்காலமே பாறசாலைக்கு அப்பால் உள்ள அவர் வீட்டுக்கு நானும் வைரஸ் மாணவியும் போனோம். வாசலில் கீழாநெல்லி கட்டுக்கட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. "நம்ம ஊரு டீச்சர் கண்டுபிடிச்சதாச்சே" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் அளவு தப்பு, அந்தப் படம் தப்பு என்று நான் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவருடைய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ரத்தம் பார்த்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். ஈரல் என்சைம் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இயல்பாகவே இருந்தது. நல்லபடியாக முடிந்தது, அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, திட்டத்தை மூடுவதா தொடர்வதா. முடிவு தவறு என்று தெரிந்ததே தவிர, கீழாநெல்லி வேலை செய்யாது என்று இன்னும் தெரியாது. சரி, கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்வரை போவோம் என்று இருக்கும் பணத்தைக் கணக்கிட்டோம். மாதிரி எண்ணிக்கையை நூற்றுக்கு மேலிருந்து இருபத்து நான்காகக் குறைத்தால் வடிகுழாய் கிட் வாங்கலாம் என்று தெரிந்தது. குறைத்தோம்.

இரண்டாம் சுற்று

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த பிறகு, செடி பறித்து விற்கும் ஒரு பாட்டியோடு செடி மாணவர் வாழைத் தோட்டங்களுக்குப் போனார். பாட்டி ஒவ்வொரு செடியையும் புரட்டிப் பார்த்துக் குவித்தார். "இது செவப்பன், மக்ளே. காய் காம்பில்லாம ஒட்டிக்கிட்டு, தடவினா சொரசொரன்னு இருக்கும். நாங்க வீட்டுக்கு இத எடுக்கமாட்டோம்." அது யூரினேரியா. மேலாநெல்லியை எட்ட நின்றே தள்ளிவிட்டார். பிறகு பார்கோடு போட்டபோது பாட்டி ஒதுக்கியவை எல்லாம் சரியாகவே ஒதுக்கப்பட்டிருந்தன. அமாரஸ் குவியலுக்குள் மட்டும் டெபிலிஸ் கொஞ்சம் இருந்தது. அவை இரண்டும் கண்ணுக்கு அவ்வளவு நெருக்கம். ஆர்பிசிஎல் மரபணுவை மட்டும் பார்த்திருந்தால் நாங்களும் தவறவிட்டிருப்போம், இடைவெளிப் பகுதிதான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு செடியை அழுத்தி உலர்த்தி, எண் போட்டு ஹெர்பேரியத் தாளில் ஒட்டினோம்.

சாறு இரண்டு விதமாகத் தயாரித்தோம். ஒன்று, கரையாத பிவிபிபி தூளைப் போட்டு டானினை நீக்கியது. ஆனால் இந்தச் செடியின் வைரஸ் எதிர்ப்பு டானின் வகைப் பொருள்களிலேயே இருந்தால், துவர்ப்போடு மருந்தையும் நாமே வடித்துக் கொட்டிவிடுவோமே? அதனால் இன்னொன்றில் டானினை அப்படியே விட்டு, அளவிடும் இடத்தில் மட்டும் காவல் போட்டோம். வடிகுழாயில் டிஎன்ஏ பிரிப்பு. ஒவ்வொரு மாதிரியிலும், மனிதரிடமும் வைரஸிடமும் இல்லாத ஒரு டிஎன்ஏ துண்டைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலப்பது. அந்தத் துண்டின் சிடி நகர்ந்தால் அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிசிஆர் கலவையில், டானின் என்சைமை விட்டுவிட்டு அதைப் பிடிக்கட்டும் என்று, மாட்டு அல்புமின் என்ற புரதம் கொஞ்சம். செல்லைக் கையால் எண்ணுவது. எலைசாவுக்கு முன் சாற்றைக் கழுவி நீக்கிப் புது ஊடகத்தில் ஒரு நாள் விடுவது.

டானின் நீக்கிய அமாரஸ் சாற்றுக்கு சிடி 21.2. ஒன்றும் கொடுக்காததற்கு 21.0. ஒரே மாதிரியை இரண்டு முறை போட்டாலே வரும் வித்தியாசம் இது. டானினோடு கூடிய சாற்றில் வைரஸ் குறைந்தது, ஆனால் செல் குறைந்த அளவுக்குத்தான் குறைந்தது. செல் எண்ணிக்கையால் வகுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. சிவப்புக் கீழாநெல்லியிலும் அதே கதை. லாமிவுடின் வழக்கம்போல 3.5 சுற்றுக்கு மேல் நகர்த்தியது, அதனால் சோதனை முறை உயிரோடுதான் இருந்தது.

இதைக் கொண்டு என்ன சொல்லலாம்? இந்தச் செல்லில், இந்த அளவுகளில், எங்கள் சாற்றின் வைரஸ் எதிர்ப்பைச் செல் நச்சிலிருந்து பிரித்துக் காட்ட முடியவில்லை. அவ்வளவுதான். மனித உடம்பில் ஈரலும் குடலும் நோய் எதிர்ப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தட்டு சாட்சி இல்லை. செருகிய மரபணுவிலிருந்து வைரஸ் விடும் இந்தச் செல்லில் புதுத் தொற்று நடப்பதும் இல்லை. வைரஸ் நுழையும் வாசலான என்டிசிபி என்ற புரதம் 2012-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, ஹெப்ஜி2 செல்லில் அது ஏறக்குறைய இல்லை. நுழைவைத் தடுக்கும் பொருள் ஏதாவது கீழாநெல்லியில் இருந்திருந்தால் எங்கள் சோதனைக்கு அது தெரிந்தே இருக்காது.

எதிர்மறை முடிவை எழுதி அனுப்பினோம். முதல் இதழ் ஆர்வமில்லை என்று திருப்பியது. இரண்டாவது இதழின் மதிப்பீட்டாளர், முதல் சுற்றின் தவறான எண்களையும் அப்படியே அட்டவணையில் போடச் சொன்னார். போட்டோம். வைரஸ் மாணவி அதற்கு முதலில் தயங்கினார். பட்டத்துக்கு ஆபத்து வருமோ என்று பயந்தார். அந்த அட்டவணைதான் இப்போது அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

இனி மாற்றுவது

செடிச் சாறு வந்தால் முதல் நாள் வேலை செல்லில் இல்லை. செல் இல்லாத தட்டில் எம்டிடி, தெரிந்த புரதத்தோடு எலைசா, தெரிந்த டிஎன்ஏ-வோடு பிசிஆர். இந்த மூன்றையும் சாறு அசைக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் திருவனந்தபுரத்துக்குப் பஸ். இதற்கு ஒரு நாளும் கொஞ்சம் ரசாயனமும் போதும். முதல் சுற்றில் நாங்கள் இழந்தது ஐந்து மாதம்.

எல்லா மாதிரிக்கும் மூன்று நீர்ப்பு. செலவு மூன்று மடங்காகும் என்பதால் மாதிரி எண்ணிக்கையைக் குறைப்போம். சிடி எண்ணோடு வளைவின் படத்தையும் நோட்டில் ஒட்ட வேண்டும்.

வாரக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் "இந்த வாரம் எது வேலை செய்யவில்லை" என்பதற்கு. முடிவுகள் அப்புறம். இதில் செடி மாணவர்தான் எப்போதும் முதலில் பேசுகிறார்.

மருந்தோடு ஒப்பிடும் படத்தைச் செல் சோதனையை மட்டும் வைத்துப் பொது இடத்தில் மாட்டுவதில்லை. யாராவது கேட்டால், மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறுத்தக் கூடாது என்ற வாக்கியத்தைத்தான் முதலில் சொல்வோம்.

கடைச் சரக்கை இனி தனிக் கேள்வியாகப் பார்க்கப்போகிறோம். மக்கள் வாங்குவதில் என்னென்ன இருக்கிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே. ஆனால் மருந்துச் சோதனைக்கு ஹெர்பேரியத் தாள் இல்லாத செடி வேண்டாம். பாட்டிக்கு அவர் சொன்னவற்றுக்கும் எங்களோடு தோட்டங்களில் நடந்து வந்ததற்கும் நாள்கூலி கொடுத்தோம். கட்டுரையில் நன்றியும் சொல்லியிருக்கிறோம், அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் போடாமல்.

அடுத்த மழைக்கு அவரோடு மறுபடி போகிறோம். இந்த முறை ஒரு கைலென்ஸும் எடுத்துக்கொள்கிறோம், டெபிலிஸ் பூவில் புல்லி இதழ் ஆறு, அமாரஸ் பூவில் ஐந்து. பாட்டிக்குக் கண் மங்கல், லென்ஸை அவரிடமே கொடுத்துவிடுவதாகச் செடி மாணவர் சொல்லியிருக்கிறார்.